மேசை விரிப்பின் பதினொரு துண்டுகள்

மார்ச் 4

அண்ணிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்தேன், பார்த்தேன், அப்படியே மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் கத்தினால் நீங்கள் மெஷினை மிதித்துக்கொண்டே "ம்... ம்... சொல்லு" என்பீர்கள். பாதி காதில் விழும், மீதி தையலோடு போய்விடும். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். நீங்களும் பதிலை எழுதியே அனுப்புங்கள். போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

ஒவ்வொரு வருஷமும் உங்கள் கல்யாண நாளுக்கு நீங்களே குடும்பத்தில் எல்லாருக்கும் ஏதாவது தைத்து அனுப்புகிறீர்கள். எல்லாரும் பரிசு வாங்கிக்கொள்ளும் நாளில் கொடுக்கிற ஒரே ஆள் எங்கள் அண்ணிதான் என்று ஆஸ்பத்திரியில் என்னோடு மருந்து கொடுக்கும் பெண்களிடம் பெருமையடித்திருக்கிறேன். இந்த வருஷம் எனக்கு வந்தது ஊசி செருகி வைக்கும் குட்டித் திண்டு. அடியில் நீலத் துணி, மேலே சந்தன நிறத்தில் குரோஷாப் பின்னல். இரண்டு நிமிஷம் ரசித்தேன். மூன்றாவது நிமிஷம் அதிலிருந்த இலையைத் தடவிப் பார்த்தேன். அண்ணி, அது நான் போட்ட இலை.

என் கையால் போட்ட கண்ணி எனக்குத் தெரியாதா? போன வருஷம் உங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு நான் கொடுத்த மேசை விரிப்பு அது. வேலைக்கு ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், எட்டு மாதம் பின்னினேன். உட்கார இடம் கிடைக்காத நாளில் நின்றுகொண்டே பின்னினேன். அதைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் ஒன்றை எனக்கே பரிசாக அனுப்பியிருக்கிறீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொல்லன் செய்த ஊசியையே உடைத்து அவனுக்கே கொடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கு மூக்குக்கண்ணாடி வைக்கும் கூடு. பெரியம்மாவுக்குச் சுருக்குப் பை. பதினொரு பேருக்குப் பதினொரு துண்டு. பின்னல் போடுகிறவள் கையில் கத்தரிக்கோல் இருப்பது நூல் முனையை நறுக்க மட்டும்தான். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசை வரிசையாக ஓடிவிடும். உங்களுக்கு இது தெரியாமல் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 14 என் மகளுக்குக் கல்யாணம். அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவளுக்கு உடை தைத்தவர் நீங்கள். கல்யாண உடை தைத்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, "நேரமில்லம்மா, கடையில எடுத்துக்கோ. மண்டபத்துக்குத் தோரணமும், வர்றவங்களுக்குச் சின்னப் பரிசும் நான் தைச்சுடறேன்" என்றீர்கள். அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது புரிகிறது, எங்களுக்கு உங்களிடம் இருக்கிற மதிப்பு என்னவென்று. தோரணமும் வேண்டாம், பரிசும் வேண்டாம். கடையில் காகிதத் தோரணம் அழகாகவே கிடைக்கிறது.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

அடி என் நாத்தனாரே,

உன் கடிதத்தை முதலில் பிரித்தது உன் அண்ணன். முதல் நாலு வரி படித்தார். "இது உனக்குத்தான்" என்று மேசையில் வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நீ சொன்னபடி உட்கார்ந்தே படித்தேன். மெஷினையும் நிறுத்தினேன். இப்போது நீ உட்கார்ந்து படி.

கத்தரி படாத துணி பீரோவில் தூங்கும். கத்தரி பட்டதுதான் ஊர் சுற்றும். நான் முப்பத்தைந்து வருஷமாக வெட்டித்தான் பிழைக்கிறேன். உன் பின்னலை எடுத்தவுடன் நறுக்கிவிட்டேன் என்று நினைத்தாயா? வெட்டப் போகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் பொடித் தையலாக இரண்டிரண்டு ஓட்டம் மெஷினில் ஓட்டினேன். அடியில் மெல்லிய துணி கொடுத்துப் பிடித்தேன். அதற்கப்புறம்தான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். உன் திண்டின் ஓரத்தைப் பிரித்து, எந்த முனையை வேண்டுமானாலும் பிடித்து இழு. ஒரே ஒரு கண்ணி உருவி வந்தால் என் மூக்கை நானே அறுத்துக்கொள்கிறேன்.

உனக்கே ஒன்றை அனுப்பியது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். என் தையல் அறைச் சுவரில் பதினொரு பேர் பட்டியல் ஒட்டியிருக்கிறது. நீ மூன்றாவது. வரிசையாகத் தைத்துக்கொண்டே வந்தேன், கை போன போக்கில் உனக்கும் ஒன்று தைத்துப் பொட்டலம் கட்டிவிட்டேன். அதை முடித்த பிறகுதான் யோசித்தேன். நான் எதைத்தான் முன்னால் யோசித்திருக்கிறேன், உன் அண்ணனைக் கட்டிக்கொண்டது உட்பட?

ஆனால் ஒன்று கேள். அந்த விரிப்பு என் மேசையில் கிடந்தபோது அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இன்றைக்குப் பதினொரு பேரிடம் உன் கைவேலை இருக்கிறது. சித்தப்பா அந்தக் கூட்டைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாராம்.

உடை விஷயம் தனி. நேரமில்லை என்றால் நேரமில்லைதான். அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போடாதே.

தோரணத்துக்கு முக்கோணக் கொடி அறுபது தைத்தாகிவிட்டது. பச்சை இருபது, நீலம் இருபது, வெள்ளை இருபது. ஓரத்துக்கு உன் குரோஷா இல்லாமல் மொட்டையாகத் தொங்குகின்றன. மாதிரிக்கு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கோபத்தை ஒரு கையில் வைத்துக்கொள், ஊசியை இன்னொரு கையில் பிடி. நீ இரண்டும் செய்யக்கூடியவள்தான்.

உன் அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்தும் இழுத்தேன். வரவில்லை. உங்கள் மூக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எப்படி வெட்டினீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியும் அதற்கு ஒரு வரி பதில் இல்லை. மருந்துச் சீட்டில் கேள்விக்குப் பதில் எழுதாமல் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பும் டாக்டர்களோடு பதினெட்டு வருஷமாக மல்லாடுகிறேன் நான். என்னிடம் இது செல்லாது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. என் பள்ளிக்கூடச் சீருடையின் தோள்பட்டை ஏறியிறங்கிக் கிடப்பதைப் பார்த்தீர்கள். வந்த மூன்றாம் நாளே அதைக் கழற்றச் சொல்லிப் பிரித்துத் தைத்துக் கொடுத்தீர்கள். அதற்குப் பதிலாக நான் உங்களுக்கு என்ன செய்தேன்? ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் கழித்து என் கையால் உருப்படியாக ஒன்று செய்து கொடுத்தேன். உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிற தகுதி அதற்கு இருக்கிறது என்று நம்பித்தான் கொடுத்தேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். எனக்கு வலித்திருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

உங்கள் மருமகள் இருக்கிறாளே, நான் பெற்றவள், அவள் என் பக்கம் இல்லை. நேற்று ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, "அத்தை தைக்கலன்னா கடை உடையெல்லாம் எனக்கு வேண்டாம். ஆபீஸ் சட்டையிலயே போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துடுவேன், பார்த்துக்கோ" என்றாள். "உன் அத்தைக்கு நேரமில்லையாம்" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி லெட்டர் போட்டுக்கறதுக்கு நேரம் இருக்குல்ல?" என்கிறாள். அவளுக்கு வாய் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்து இல்லை.

ஒரே ஒரு கேள்விதான். ஏன் வெட்டினீர்கள்? பதில் வந்தால் கொடிக்கு ஓரம் போடுகிறேன்.

நாத்தனார்


மார்ச் 25

அன்பு நாத்தனாருக்கு,

எலி.

போதுமா? விரிப்பைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்தேன். பின்பலகையில் ஓட்டை. எலி புகுந்து நடுவில் கடித்துவிட்டது. உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய் என்று நல்ல பாகத்தை எல்லாம் காப்பாற்றிப் பதினொரு பரிசாக்கினேன். எலிக்கு உன் பின்னல் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்காமல் போகுமா?

மகளை அனுப்பி வைத்தாயே, சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வந்தாள், கொடிகளை எடுத்துப் போனாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். தையல் அறையில் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள், உன்னை மாதிரியே. விருந்தினர் பரிசுக்கு எழுபது குட்டிப் பை தைக்க ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்னப் பூ வேண்டும், அது உன் வேலை. ஐந்து இதழ் போதும். ஆறு இதழ் போட்டு அசத்துகிறேன் என்று கிளம்பாதே, காய்ந்த முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும். போன தடவை ஆனது.

உன் அண்ணன் இஸ்திரி போடக் கற்றுக்கொள்கிறார். அவருடைய சட்டைகளை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். காலரில் மட்டும் இன்னும் மடிப்பு விழுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓரத்தை ஆரம்பி. நாள் ஓடுகிறது.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

இரண்டு வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நான் சும்மா இருக்கவில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பியும் நேரில் போயும், என்னுடையதையும் சேர்த்துப் பதினொரு துண்டையும் திரட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் துவைத்துத் தருகிறேன் என்று சொன்னேன். எல்லாரும் கொடுத்தார்கள். சித்தப்பா மட்டும் கூட்டைத் தர மறுத்து, கூட்டோடு அவரே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, காரியம் முடியும்வரை காவல் இருந்தார்.

முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கி எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். எது எந்த இடத்துத் துண்டு என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் பெரிய இலை, உள்ளே போகப் போக இலை சிறுத்துக்கொண்டே போகும். அது போதாதென்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. காலை ரயிலில் போட்ட வரிசை இறுக்கமாக இருக்கும், வேலைக்குப் போகிற அவசரம். சாயங்கால ரயிலில் போட்டது தளர்ந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே வந்தேன். விரிப்பு முழுசாக எழுந்து வந்தது, நடுவில் ஒரு இடத்தைத் தவிர.

அங்கே எதுவும் இல்லை. இரண்டு கை அகலம். ஒரு பக்கம் நேராக இருக்கிறது. அங்கிருந்து இரண்டு பக்கமும் வளைந்து போய் மறுமுனையில் கூராக முடிகிறது. அந்தக் கூரின் இரண்டு பக்கமும் மிஞ்சிய சின்ன முக்கோணங்களைக்கூட நீங்கள் விடவில்லை, மாமாவின் இரண்டு பையன்களுக்கும் புத்தகத்தில் வைக்கும் அடையாளமாகத் தைத்திருக்கிறீர்கள். சிக்கனம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. சித்தப்பா குனிந்து பார்த்தார். "இது இஸ்திரிப் பெட்டி மாதிரில்ல இருக்கு?" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்களே, அண்ணி! எந்த ஊர் எலிக்கு முன்னால் கூராகவும் பின்னால் தட்டையாகவும் வாய் இருக்கிறது? அந்த எலியை அடுத்த தடவை சுவிட்சு போட்டுச் சூடேற்றுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுங்கள்.

இஸ்திரி பட்டுக் கருகினால் கருகியது என்று சொல்வதற்கு என்ன? யாருக்கும் நடப்பதுதானே? அதற்கு ஒரு எலியைக் கொண்டுவந்து விடுவானேன்?

மகள் வந்து சொன்னதும் மனசில் உறுத்துகிறது. உங்கள் தையல் அறையில் கல்யாணப் பட்டுகள் தொங்கும் கம்பி காலியாக இருக்கிறதாம். அறை முழுக்கத் தலையணை உறையும் பள்ளிக்கூடச் சீருடையுமாம். "அத்தை சும்மாதான் இருக்காங்கம்மா. நேரமெல்லாம் நிறைய இருக்கு" என்றாள். அப்படியென்றால் நேரமில்லை என்று எங்களிடம் சொன்னதும் எலிதானா?

இந்தத் தடவை உண்மை வேண்டும். ஓரம் முப்பது கொடிக்குப் போட்டுவிட்டேன். மீதி முப்பது உங்கள் பதிலைப் பொறுத்தது.

நாத்தனார்


ஏப்ரல் 16

நாத்தனாருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நீ கண்டுபிடித்தது சரி. இஸ்திரிதான். உன் அண்ணன் இல்லை, நான்தான். போன செப்டம்பரில், முதல் தடவை துவைத்த அன்று.

நான் எப்படி இஸ்திரி போடுவேன் என்று உனக்குத் தெரியும். பெட்டியின் சூட்டை எண்ணைப் பார்த்து வைக்க மாட்டேன். விரலை நனைத்துத் தொட்டுப் பார்ப்பேன். அந்த 'சுர்' சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இது பருத்திக்கா, பட்டுக்கா என்று. பிறகு துணியின் ஓரத்தில், மறுபக்கத்தில் ஒரு தடவை வைத்து எடுப்பேன். அன்றும் அதைத்தான் செய்தேன். நீ பருத்தி நூல் என்று சொல்லியிருந்தாய். பருத்திச் சூடுதான் வைத்தேன். ஓரத்தில் வைத்தேன், அருமையாகப் படிந்தது. நாலு பக்கமும் போட்டேன். இலை ஒவ்வொன்றும் விரிந்து நின்றது. இவ்வளவு அழகாகவா பின்னியிருக்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன், அறையில் யாரும் இல்லை. பிறகு நடுவில் வைத்தேன். பெட்டி நகரவில்லை. இழுத்தேன். மிட்டாய்ப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. நாற்றம் வீட்டைவிட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

அதே பெட்டி, அதே சூடு, ஓரத்தில் ஒன்றும் ஆகவில்லை, நடுவில் போய்விட்டது. அப்படியென்றால் இடையில் நான்தான் ஏதோ செய்திருக்கிறேன். ரசிக்கிற சுவாரஸ்யத்தில் சூட்டைத் திருகிவிட்டேனா? ரொம்ப நேரம் வைத்துவிட்டேனா? எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் பயம். செய்தது ஞாபகம் இருந்தால் தப்பு என்று திட்டிக்கொள்ளலாம். ஞாபகமே இல்லை என்றால் அதற்குப் பெயர் வேறு.

அடுத்த வாரம் ஒரு பெண்ணின் கல்யாணப் பட்டு மேசையில் இருந்தது. விரலை நனைத்துத் தொட்டேன். சத்தம் கேட்டது, அது என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நாலு தடவை தொட்டேன். பட்டை மடித்து, கண் வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து பட்டு எடுப்பதில்லை. பொசுங்கினால் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்துவிடலாம் என்கிற துணியாகப் பார்த்து எடுக்கிறேன். உன் அண்ணன் சட்டையைக்கூட அவரிடமே விட்டுவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத மனிதரோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினால் சொல்லாமலே இருக்கப் பழகிவிடுகிறது.

உன் மகளின் உடையை நான் எப்படித் தைப்பேன்? கல்யாணத்தன்று காலையில் கடைசி இஸ்திரி போடும்போது அப்படி ஆகிவிட்டால்? இருபத்து நாலு வருஷமாக அவளுக்குத் தைத்த கை இது. இந்தக் கை அவள் உடையைக் கருக்குவதைவிட, எனக்கு நேரமில்லை என்று நீங்கள் கோபித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

விரிப்பை வெட்டும்போது எனக்குப் பயமே இல்லை, அது ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கத்தரியும் மெஷினும் என்னைக் கைவிடவில்லை. தைக்கிறவளுக்கு இது போதுமா, நீயே சொல்.

கடையில் நல்ல உடையாகப் பார்த்து எடுங்கள். தோள்பட்டையை மட்டும் கவனித்து எடு, அவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இரண்டு வாரமாகக் குறுகுறுக்கிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அது குத்தவே ஆரம்பித்துவிட்டது.

நடுவில் இருந்தது பருத்தி நூல் இல்லை.

நாலாவது மாதத்தில் நூல் தீர்ந்துவிட்டது. அதே சந்தன நிறத்தில் பருத்தி வேண்டும் என்று மூன்று கடை ஏறினேன், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அச்சு அசலாக அதே நிறத்தில் செயற்கை நூல் இருந்தது. இரண்டு உருண்டை வாங்கினேன். நடுவில் ஒரு முழத்துக்கு அதில் பின்னினேன். பருத்தி வந்ததும் மறுபடி பருத்திக்குப் போய்விட்டேன். கண்ணால் பார்த்தால் தெரியவில்லை, தொட்டாலும் தெரியவில்லை. உங்கள் விரலுக்கே தெரியாதபடி செய்துவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. நூல் உருண்டையின் லேபிளைக் கிழித்து ரயில் ஜன்னல் வழியே போட்டேன். உங்களிடம், "முழுக்கப் பருத்தி, அண்ணி, தைரியமா இஸ்திரி போடுங்க" என்று சொன்னது நான்தான்.

பருத்தி கருகும், அண்ணி. அது உருகாது. பாகு மாதிரி இழுக்காது. உங்கள் சூடு சரி, உங்கள் விரல் சரி. ஓரத்தில் வைத்துப் பார்த்ததும் சரி. ஓரத்தில் இருந்தது வேறு நூல்.

இன்னும் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. துண்டுகளைத் தரையில் பரப்பினேனே, அன்றே ஒரு சின்ன முக்கோணத்தின் தையலுக்குள் கெட்டியாக ஒரு முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. உருகி இறுகிய நூல். அங்கேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இருந்தும் எலியை வைத்துக் கேலி செய்து ஒரு கடிதம் எழுதினேன். என் தப்பு மேலே வருவதற்குள் உங்கள் பொய்யைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு அவசரம். நீங்கள் எட்டு மாதமாக எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேன். இப்படிச் சொல்லிக்கொள்கிறேன், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு மாத்திரைக்குப் பதிலாக வேறு ஒன்றைக் கொடுத்தால், சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் விட மாட்டேன். முன்பின் தெரியாத ஆளுக்கு அவ்வளவு செய்கிறேன். உங்களுக்குக் கொடுத்ததில் எழுதாமல் விட்டேன்.

மீதி முப்பது கொடிக்கும் ஓரம் போட்டாயிற்று. எழுபது பூவும் முடித்துவிட்டேன், ஐந்து இதழ்தான். உடையைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 25

அடிப் பாவி,

உன் கடிதம் வந்ததும் முதலில் தோன்றியது, அடுத்த ரயிலைப் பிடித்து வந்து உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் என்பதுதான். அதை இன்னும் கைவிடவில்லை.

இரண்டாவதாக, உன்னை நம்பாமல் சோதனை செய்தேன். ஒரு தடவை உன் வாயை நம்பிப் பெட்டியை வைத்தவள் நான், மறுபடி சும்மா நம்புவேனா? கருகிய நடுத்துண்டைத் தூக்கிப் போட மனம் வராமல் இழுப்பறையில் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு நூலை உருவி, சமையலறையில் நெருப்பில் காட்டினேன். சுருண்டு, குண்டுமணி மாதிரி உருண்டு நின்றது. விரிப்பை வெட்டும்போது அதன் ஓரத்திலிருந்து உதிர்ந்த நூல் துணுக்குகளும் அதே இழுப்பறையில் கிடந்தன, அதில் ஒன்றைக் காட்டினேன். சாம்பலாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு எடுத்துக் காட்டினேன். அதே கதை. நாலாவது தடவை காட்டும்போது அடுப்புக்கு முன்னாலேயே நின்று அழுதுவிட்டேன். ஓவென்று அழுதேன். உன் அண்ணன் ஓடி வந்தார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணும் ஆகலன்னு இப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

அவர் அடுப்பை அணைத்தார். பக்கத்தில் நின்றார். "அப்போ என் சட்டையை இனிமே நீயே போடுவியா?" என்றார். எட்டு மாதமாக அந்தக் காலர் மடிப்போடு ஆபீஸுக்குப் போய்வந்த மனுஷன், ஒரு வார்த்தை கேட்டாரா பார். கேட்காமல் காத்திருந்திருக்கிறார். நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பட்டு ஒன்றை எடுத்தேன், என்னுடையதுதான். விரலை நனைத்தேன், தொட்டேன். 'சுர்.' கொஞ்சம் அதிகம் என்றது. குறைத்தேன். இன்னும் ஒரு தடவை தொட்டேன். இப்போது வை என்றது. வைத்தேன். கண்ணாடி மாதிரி படிந்தது. பிறகு அந்தக் கண் வலிப் பொய்யைச் சொல்லித் திருப்பி அனுப்பினேனே, அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, கண் சரியாகிவிட்டது என்றேன். "எந்த டாக்டர்கிட்ட காட்டுனீங்க?" என்று கேட்கிறார். மருந்து கொடுக்கிற நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னேன். வியாதியைக் கொடுத்ததும் அவள்தான் என்று சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு எலி. கோபம் இருக்கிறது. எட்டு மாதக் கோபம், எட்டு நாளில் தீராது. நானும் எலியை விட்டவள்தான், அந்தக் கணக்கை நீ தாராளமாக எடுத்துக்கொள். போன செப்டம்பரிலேயே நான் உனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நீ அன்றே சொல்லியிருப்பாய். கெட்டிக்காரி, தப்புப் பண்ண மாட்டாள் என்று நீங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, தப்புப் பண்ணினதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது எனக்கு. இனிமேல் வருஷத்துக்கு ஒன்றாவது வெளிப்படையாகப் பண்ணப் போகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அளவு டேப்பும் கத்தரியும் என்னோடு வருகின்றன. பெண்ணை ஆபீஸுக்கு லீவு போடச் சொல். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் சொல்லி வை, கல்யாணத்தன்று அவள் மூச்சு விட வேண்டும்.

உடைத் துணி நான்தான் எடுப்பேன். கடையில் பட்டு என்பார்கள், நீ பருத்தி என்றாயே, அந்த மாதிரி. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு நூலை உருவி, கடைக்காரர் முன்னாலேயே நெருப்பில் காட்டிவிட்டுத்தான் வாங்குவேன். நீயும் கூட வருகிறாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொளுத்த வேண்டும்.

உன் அண்ணி